கக்கத்துச் செருப்பு

ஒரே காலுக்கு இரண்டு சட்டம் என்றால் மனுஷன் என்னதான் செய்வான்? செருப்பில்லாமல் ஒருத்தனும் கேஜில் ஏறக்கூடாது என்றார் சுரங்கத்துக் கேப்டன் துரை. தன் எதிரில் ஒருத்தனும் செருப்போடு நிற்கக்கூடாது என்பது எங்கள் மேஸ்திரியின் சட்டம். அந்தக் கேஜுக்குப் போகிற வழியிலேதான் மேஸ்திரி நின்று ஆள் கூப்பிடுவார். ஆகவே என் வீட்டுக்காரரும் அவரோடு வேலைக்குப் போனவர்களும் ஒரு வழி வைத்திருந்தார்கள். கிளம்பும்போதே செருப்பைக் கக்கத்தில் இடுக்கி, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். மேஸ்திரி முன்னால் வெறுங்காலோடு நின்று பேர் கொடுப்பார்கள். அவரைத் தாண்டி, பாதாளத்தில் இறங்கும் அந்த இரும்புக் கூண்டின் வாசலுக்குப் போனதும் குனிந்து வாரை மாட்டிக்கொள்வார்கள். வேலை முடிந்து மேலே வந்தால் மறுபடியும் கக்கத்தில். த்தூ, இப்படியும் ஒரு பிழைப்பு.

தங்கவயலில், ஊரிகத்துக் கம்பெனி லைன் வீடுகளில் அப்போது குடியிருந்தோம். கரண்டு விளக்கு வந்திருக்கவில்லை. தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டுதான் ஆட்கள் இறங்குவார்கள். என் வீட்டுக்காரர் கீழே ஒரு லெவலில், கல் வெட்டும் தளத்தில், தண்டவாளத்தின் மேல் கல் வண்டி தள்ளினார். நான் மேலே, கேஜ் இறங்கும் ஷாஃப்ட்டுக் குழிக்குப் பக்கத்துக் கொட்டகையில், வந்து விழும் கல்லில் தங்கக் கல் எது, வெறுங்கல் எது என்று பொறுக்கிப் போடும் பெண்களில் ஒருத்தி. எங்கள் காலுக்கு எந்தத் துரையும் சட்டம் போடவில்லை. கண்ணாடிச் சில்லு மாதிரி கீறும் கல்லின் மேல், காலில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு நின்றோம். பொம்பளைக் காலெல்லாம் அவர்கள் கணக்கில் கால் இல்லை போலிருக்கிறது.

மேஸ்திரி எங்களுக்குப் புதியவர் அல்ல. வட ஆற்காட்டில் எங்கள் ஊரின் மேலத்தெருக்காரர். எங்கள் சேரியிலிருந்து ஆள் திரட்டி இங்கே கூட்டி வந்தவரே அவர்தான். ஊரில் அவர் வீட்டு ஆண்களை 'ஆண்டே' என்று, அதாவது எஜமான் என்று, கூப்பிடுவோம். இங்கே வந்தும் அப்படியேதான் கூப்பிட்டோம்.

செருப்பு எந்த யுகத்தில் தோன்றியது, எந்த ராஜா முதலில் போட்டான் என்றெல்லாம் படித்தவர்கள் எழுதுகிறார்கள். எழுதட்டும். எனக்குத் தெரிந்த செருப்பு வரலாறு என் ஊரோடு சரி. கோயில் ஐயருக்குக் குமிழ் வைத்த பாதக்குறடு. மேலத்தெருவுக்குத் தோல் செருப்பு. அதிலும் பெரிய வீட்டுக்கு மூக்கு வளைந்த ஜோடு. அந்தத் தோலை உரித்துப் பதம் பண்ணித் தைத்துக் கொடுத்தவனுக்கு வெறுங்கால். எங்கள் தெருக்காரர்கள் முள்ளுக்காட்டுக்கு விறகு பொறுக்கப் போனால் பனம்பாளையை வெட்டி நாரால் காலில் கட்டிக்கொள்வார்கள். ஊர் எல்லை வந்ததும் அதையும் அவிழ்த்து வேலியில் எறிந்துவிட வேண்டும். ஒருநாள் மறந்துபோய் அந்தப் பாளையோடு மேலத்தெருவில் கால் வைத்துவிட்டார் ஒருவர், என் அப்பாவுக்குச் சித்தப்பா முறை. அதையே அவர் தலையில் வைத்து ஊரைச் சுற்ற வைத்தார்கள். நான் சின்னப் பெண், பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் தெருவே பார்த்துக்கொண்டுதான் நின்றது. ஆக, எங்கள் ஜனத்துக்கு நிஜமான செருப்பு வந்தது கேப்டன் சட்டம் போட்ட அன்றைக்குத்தான். அதுவும் பூமிக்கு மேலே இல்லை, கீழே.

துரை ஒன்றும் இரக்கப்பட்டுச் சட்டம் போடவில்லை. இரும்புச் சில்லும் கல்லும் குத்திக் கால் சீழ்பிடித்து ஆட்கள் படுத்துவிட்டால் கல் யார் தள்ளுவது? ஆளுக்கொரு ஜோடி எருமைத்தோல் செருப்பு, குதிகாலில் வார் கட்டுகிற மாதிரி, கம்பெனியிலேயே கொடுத்தார்கள். கூடவே ஒரு மிரட்டலும் கொடுத்தார்கள். செருப்பில்லாமல் இறங்கி அடிபட்டால் கம்பெனி பொறுப்பில்லை. வேலையும் போகும், லைன் வீட்டையும் காலி பண்ண வேண்டும். வீடு போனால் நாங்கள் எங்கே போவது? ஊருக்குத்தான், ஆண்டே வீட்டு மாட்டுக்கொட்டகைக்குத்தான்.

செருப்பு கொடுத்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் வீட்டுக்குள்ளேயே அதை மாட்டிக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நடந்தார். காலைத் தூக்கித் தூக்கி வைத்தார்.

"இன்னாங்க, கொக்கு கணக்கா நடக்கறீங்க? தரை சுடுதா?" என்றேன்.

"சிரிக்காதடீ. கால எங்க வெக்கிறேன்னே தெரில. தரை எங்கியோ கீது."

மறுநாள் காலையில் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாரே, எனக்கு வயிறு எரிந்தது.

"போட்டுக்கினு போங்க. தொரை போட்ட சட்டம். மேஸ்திரி இன்னா பண்ணிடுவாரு?"

"ஒனக்கு வாயி மட்டும்தான் கீது. ஊர்ல எங்கம்மா கீது. இங்க நா போடற செருப்புக்கு அங்க அது பதில் சொல்லணும்."

கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கொஞ்ச நாளில், எங்கள் ஆட்கள் இருந்த லெவலிலிருந்து கல் குறைவாக வருகிறது என்று துரை மேஸ்திரியைக் கண்டபடி ஏசிவிட்டார். கீழே இறங்கியே பழக்கமில்லாத மனுஷன், அந்தக் கோபத்தில் ஒரு மத்தியானம் தானே இறங்கிவிட்டார். ஜோடு நனையாமல் அவர் கேஜில் காலெடுத்து வைத்ததைப் பார்த்து, "மாப்ள அழைப்பு" என்று பக்கத்திலிருந்தவள் முணுமுணுத்தாள். கொட்டகை முழுக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு மறந்துபோவதற்குள் மணி அடித்தது. கல் ஏற்றும்போது மணி ஒரு தினுசு, ஆள் ஏற்றும்போது வேறு தினுசு, அடிபட்ட ஆளை ஏற்றும்போது இன்னொரு தினுசு. அந்த மூன்றாவது மணி காதில் விழுந்தால் கொட்டகையில் எல்லாக் கையும் நின்றுவிடும். எல்லோருக்கும் புருஷனோ அண்ணனோ கீழே இருப்பார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டோம். அவளுடையவனாக இருக்கட்டும் என்றா வேண்டிக்கொள்ள முடியும்? ஆனால் மனசு அதைத்தான் வேண்டும். அன்றைக்கும் வேண்டியது. இரும்புக் கயிறு ஏறிக்கொண்டே இருந்தது. கேஜ் வந்து நின்றதும் முதலில் மேஸ்திரி இறங்கினார். பின்னால் பலகையில் வைத்துத் தூக்கி வந்தது என் வீட்டுக்காரரை. கண் திறந்திருந்தது. உயிர் இருக்கிறது என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் காலைப் பார்த்தேன். வலது கால் விரல் இருந்த இடத்தில் ரத்தம் மட்டும்தான் இருந்தது. இரண்டு காலிலும் செருப்பு இல்லை.

"செருப்பில்லாம எறங்கிக்கீறான், கழுத. எத்தினி வாட்டி சொன்னேன்!" என்று மேஸ்திரி எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

காலையில் நான்தான் அந்தச் செருப்பை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

அடுத்த வண்டியைத் தள்ளிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்தவர் எங்கள் தெருக்காரர், எனக்குக் கொழுந்தன் முறை. ஆஸ்பத்திரிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தவரைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னார்.

"சரிவுல வண்டிய முதுகால தாங்கிக்கினு எறங்கறாரு அண்ணி. எதிர்ல வெளிச்சம் வருது. ஆண்டே கொரலு. அவ்ளதான். சக்கரத்துக்குக் கல்லு வெக்கணும்னுகூட தோணல அவருக்கு. அப்டியே குனிஞ்சு வார அவுத்தாரு. ரெண்டு செருப்பும் கையில, வண்டி கால்மேல."

"செருப்பு எங்க இப்ப?"

"கல்லோட கல்லா வண்டியில போடுன்னுட்டாரு ஆண்டே."

"போட்டியா?"

"போட்டேன்."

"தொரைகிட்ட இத்த சொல்லுவியா?"

அவர் தரையைப் பார்த்தார். "எனக்கும் ஊர்ல அப்பன் கீறான், அண்ணி."

கல்லோடு போட்டால் அது என் கொட்டகைக்குத்தானே வந்தாக வேண்டும்! விடிந்ததும் ஓடினேன். கூட இருந்த பெண்களும் வந்தார்கள். முதல் நாள் கொட்டின குவியல் முழுவதையும் கையால் புரட்டினோம். நகம் பிய்ந்தது. ஒரு துண்டு வார் கிடைத்தாலும் போதும், துரை முகத்துக்கு நேரே நீட்டியிருப்பேன். ஒன்றும் கிடைக்கவில்லை. பாதிக் கல் விடிவதற்கு முன்பே ஆலைக்குப் போய்விட்டது என்றார்கள். அங்கே இரும்பு உலக்கை இடித்து மாவாக்கிவிடும். அந்தக் குவியலின் மேலேயே உட்கார்ந்து, வாய்க்கு வந்தபடி மேஸ்திரியைத் திட்டினேன். திட்டி என்ன ஆகப்போகிறது?

ஆஸ்பத்திரிக்குப் போனால் அவருக்கு நெருப்பாகக் காய்ச்சல். விரல்களை எடுத்துவிட்டிருந்தார்கள். சீழ் மேலே ஏறினால் கணுக்காலோடு எடுக்க வேண்டும், அசையாமல் படுத்திருந்தால் பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கணுக்கால் வரைக்கும் கனமாகத் துணிக்கட்டு. மருந்து மயக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒற்றைக்காலோடு இவரை ஊருக்குக் கூட்டிப்போய் எந்த வாசலில் நிறுத்துவேன் என்ற நினைப்பைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மத்தியானம் கேப்டன் துரை வந்தார். பின்னாலேயே மேஸ்திரி, வாசற்படியில் கை கட்டிக்கொண்டு நின்றார். துரைக்கு எங்கள் தமிழ் அரைகுறைதான் வரும். கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமாக வரும்.

"நீ இவன் சம்சாரமா? செருப்பு இல்லை. சட்டம் தெரியும். வீடு காலி பண்ணு."

எழுந்து நின்றேன்.

"செருப்பு போட்டுக்கினுதான் எறங்கனாரு, தொரை. இந்த மேஸ்திரிய கண்டு கழட்டனாரு. இவரு எதிர்ல எங்காளுங்க செருப்பு போடக்கூடாது. தெனம் கக்கத்துலதான் எடுத்தாராங்க. யார வேணா கேளுங்க."

வாசலுக்கு வெளியே கொழுந்தன் நின்றிருந்தார். துரை அவரைப் பார்த்துக் கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

துரை சிரித்தார். "நான் வந்தால் தொப்பி கழட்டுவான், எனக்குத் தெரியும். செருப்பு கழட்டுவானா? சுரங்கத்தில்? இருட்டில்? கையில் வண்டி வைத்துக்கொண்டு? எந்தப் பைத்தியக்காரன் கழட்டுவான்? பொய்."

"பொய்யி இல்ல தொரை, எம்மேல ஆணையா..."

"ஊரே கண்ட வாயாடி தொரை இவ," என்றார் மேஸ்திரி, வாசற்படியிலிருந்து. "அவனையே கேட்டுக்கலாம்." கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தார். "டேய். எழுந்திரிடா. தொரை வந்துக்கீறாரு."

என் வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். துரையை அவர் பார்க்கவே இல்லை. மேஸ்திரியை மட்டும்தான் பார்த்தார். அசையக்கூடாது என்று டாக்டர் சொன்ன மனுஷன், இரண்டு கையையும் ஊன்றி விசுக்கென்று எழுந்து உட்கார்ந்தார். குனிந்தார். துணிக்கட்டின் முடிச்சைப் பிடித்து இழுத்தார்.

"இதோ ஆண்டே. இதோ கழட்டிட்டேன் ஆண்டே. கோச்சிக்காதீங்க."

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடிக்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். காய்ச்சல்காரருக்கு எங்கிருந்து அத்தனை பலம் வந்ததோ, என்னை உதறிவிட்டார். ஒரு சுற்று, இரண்டு சுற்று அவிழ்ந்தது. உள்துணி சிவப்பாகியது. "இருங்க ஆண்டே, ஆச்சி, ஆச்சி," என்று கெஞ்சிக்கொண்டே அவிழ்த்தார். கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஓடிவந்து தோளைப் பிடித்தார். அப்பவும் கை நிற்கவில்லை.

துரையின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. அந்தக் காலைப் பார்த்தார், மேஸ்திரியின் காலில் இருந்த ஜோட்டைப் பார்த்தார். மேஸ்திரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை தனக்குத் தெரிந்த சுத்தமான தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொல்லி வாசலைக் காட்டினார். என்னிடம் திரும்பி, "வீடு இருக்கும். இவனுக்கு மேலே வேலை. நாளையிலிருந்து பேர் கூப்பிட வேறு ஆள்," என்று சொல்லிவிட்டு வேகமாக வெளியே போனார்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. கொழுந்தன் உள்ளே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது, அழுதேன். நான் பொய் சொல்லவில்லை என்று நிரூபிக்க என் புருஷன் இப்படி ஒரு கூத்து ஆட வேண்டியிருந்ததே, அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

டிரெஸ்ஸர் மறுபடி கட்டுப் போட வந்தார். என் வீட்டுக்காரர் காலை மடக்கி உடம்போடு இறுக்கிக்கொண்டு கொடுக்க மறுத்தார். என் முந்தானையைப் பிடித்து இழுத்து, காதோடு காதாகக் கேட்டார்.

"ஆண்டே போய்ட்டாரா?"

"போய்ட்டாரு," என்றேன்.

"நெசமா? வாசல்லகூட இல்லியே?"

"இல்ல. நீங்க கால நீட்டுங்க."

அவர் நம்பவில்லை. நான் எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு தரம் சொன்ன பிறகுதான் காலை நீட்டினார்.