நடிகை

அத்தைக்கு அந்த வீட்டில் சொந்தமென்று இருந்தவை பின்பக்கத்து அறையும் ஒரு செவலைப் பெட்டை நாயும்தான். அறையும்கூட தம்பியுடையது. பகல் முழுக்கச் சட்டைக் கம்பெனியில் காஜா அடிப்பாள், பொழுது சாய வந்து தம்பி வீட்டுப் பாத்திரங்களைத் துலக்குவாள். கல்யாணம் ஆகாதவளுக்கு வேறென்ன வேலை என்று எல்லோருமாக முடிவு கட்டிவிட்டார்கள். என்றைக்காவது கிறுகிறுவென்று வருகிறதே என்று சுவரைப் பிடித்தால், தம்பி மனைவி உதட்டைச் சுழிப்பாள். பாத்திரத்தைக் கண்டால்தான் அண்ணிக்குத் தலை சுற்றும் போல என்பாள்.

நாய் கம்பெனி வாசலிலிருந்து பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டது. அதற்கும் அதே பழிதான் வந்து சேர்ந்தது. வீட்டுக்கு விருந்தாளி வந்தாலோ, பக்கத்தில் யாராவது ஆணி அடித்தாலோ, வாந்தி எடுக்கும், நடுங்கும், காலைப் பரப்பிச் சரிந்துவிடும். அத்தை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஒரு பாட்டில் சலைன் ஏற்றியதும் ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு வீடு வந்து சேரும். தம்பி பிள்ளைகள் அதற்கு நடிகை என்று பேர் வைத்தார்கள். பேர் கச்சிதமாக ஒட்டிக்கொண்டது. அத்தையே ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டாள்.

புதிதாக வந்த டாக்டரம்மாதான் முதன்முதலாக நின்று கவனித்தார். இப்படிச் சுருண்டு கிடக்கிற நாய்க்கு இதயம் படபடவென்று அடிக்க வேண்டும், இதற்கோ நின்று நின்று அடிக்கிறதே என்றார். ஈசிஜி எடுத்தார், ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பினார். சோடியம் தரைதட்டியிருந்தது, பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பி வேலை செய்யவில்லையாம், அதனால் சின்னப் பதற்றத்தைக்கூட உடம்பு தாங்காதாம். ஏறிய பொட்டாசியம் இதயத்தைப் பிடித்து நிறுத்துகிறதாம். சலைன் போனதும் அது இறங்கிவிடுகிறது, நாய் எழுந்துவிடுகிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

"நடிக்கலைம்மா இது. ஒவ்வொரு தடவையும் சாகப் போய்த் திரும்பி வந்திருக்கு," என்றார் டாக்டரம்மா.

மாத்திரை ஆயுசுக்கும் தர வேண்டும், ஒருநாளும் விடக்கூடாது என்றும் சொன்னார். அத்தை அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். நாய்க்காகவும் அழுதாள், தனக்காகவும் அழுதாள்.

மாத்திரையில் நாய் தேறி மினுமினுவென்று ஆனது. அதுவே வினையாயிற்று. கம்பெனி அத்தையை ஒரு வாரம் வெளியூர்க் கிளைக்கு அனுப்பியது. மாத்திரையைத் தம்பி கையில் கொடுத்து, படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள். தம்பி மனைவி டப்பாவை அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். குதித்து ஓடுகிற நாய்க்கு மருந்து என்ன வேண்டிக்கிடக்கிறது என்பது அவள் கட்சி. தம்பியும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டான். அந்த வாரம் பார்த்தா பெயின்ட் அடிக்கிற ஆட்கள் வர வேண்டும்? ஏணியும் சத்தமும் நெடியுமாக வீடே அமர்க்களப்பட்டது. நாய் வாசலில் சரிந்தது.

தம்பி போனில் சிரித்தான். "அக்கா, உன் நடிகை ஆரம்பிச்சுட்டா."

உடனே தூக்கிக்கொண்டு ஓடு, இதயம் நின்றுவிடும் என்று அத்தை கதறினாள்.

"சாயங்காலம் பார்க்கலாம்க்கா. அதுக்குள்ள எழுந்துரும்."

அவள் பஸ் பிடித்து வந்தபோது நாயின் மேல் பெயின்ட் சொட்டிய சாக்கு கிடந்தது. டப்பாவில் மாத்திரை குறையவே இல்லை. எது நிஜம் எது நடிப்பு என்று எங்களுக்கு எப்படித் தெரியும் என்று தம்பி தலையைச் சொறிந்தான். பாவி, அதையும் கூசாமல் சொன்னான். அத்தை சண்டை போடவில்லை. சாக்கோடு நாயை வாரிக்கொண்டு போய் வேலியோரம் புதைத்துவிட்டு, வந்து பாத்திரம் துலக்கினாள்.

சில மாதம் கழித்து ஒரு காலையில் தம்பி மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சுருண்டு விழுந்தாள். வேர்த்துக் கொட்டியது. தம்பி பதறிப்போய் அத்தையின் கையைப் பிடித்தான், என்ன செய்வது என்று கேட்டான்.

"சாயங்காலம் பார்க்கலாம். அதுக்குள்ள எழுந்துருவா," என்றாள் அத்தை.

தம்பியின் முகம் செத்துப்போயிற்று. தரையில் கிடந்தவளும் அதைக் கேட்டாள். பிறகு அத்தை செருப்பை மாட்டிக்கொண்டு ஆட்டோ கூப்பிடத் தெருவுக்கு ஓடினாள்.

பித்தப்பையில் கல்லாம், நேரத்துக்குக் கொண்டுபோனதால் பிழைத்தாள். சாயங்காலம் பார்க்கலாம் என்று சொன்னதில் அத்தைக்கு ஒரு நிம்மதியும் கிடைக்கவில்லை. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று ஒருநாளும் நினைத்ததும் இல்லை.