இடது கண்ணுக்கு ஆறு எழுத்து

நான் ஒன்பது வருஷம் லாரி ஓட்டினேன். மூன்று டிரான்ஸ்போர்ட் கம்பெனி மாறினேன். என் வண்டி யார் மேலும் ஏறியதில்லை. இதை யாரிடமாவது சொன்னால் "பரவாயில்லையே, கெட்டிக்காரன்தான்" என்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். பேச்சை மாற்றிவிடுவேன்.

நாங்கள் ஓட்டியது நெடுந்தூர லாரி இல்லை. பத்து நாள் போய், பத்து நாள் கழித்துத் திரும்பும் கதையெல்லாம் எங்களிடம் கிடையாது. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கார் கதவுக்கான தகடுகளை இரும்பு ரேக்கோடு ஏற்றுவோம். ஒரகடத்தில் இன்னொரு தொழிற்சாலையில் இறக்குவோம். காலி ரேக்குகளோடு திரும்புவோம். ஒரு நாளைக்கு ஐந்து நடை, சில நாள் ஆறு. சுத்தமான செக்குமாட்டுப் பிழைப்பு. ஆனால் அந்தத் தகடு நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அங்கே கார் செய்யும் லைன் நின்றுவிடும். லைன் நின்றால் மேலே இருப்பவன் கீழே இருப்பவனைத் திட்டுவான், அவன் எங்கள் முதலாளியைத் திட்டுவான், கடைசியில் எல்லாம் சேர்ந்து டிரைவர் தலையில் வந்து விழும். அதனால் அந்தச் சாலையில் "லைன் நிக்கப்போவுது" என்று ஒருவன் கத்தினால் போதும், செக்யூரிட்டிகூட எழுந்து வழிவிடுவான்.

உள்ளே நுழைய டிரைவருக்கு கேட் பாஸ் வேண்டும். லைசென்ஸ் இருந்தாலும் அது இல்லாவிட்டால் வெளியேதான். ஷூ போட வேண்டும், பளபளக்கும் ஜாக்கெட் போட வேண்டும், கிளீனரைக் கூட்டிவரக் கூடாது. இந்தக் கடைசி விதி வந்ததும் எங்கள் முதலாளிக்கு ஒரே குஷி. உள்ளே விடாத ஆளை எதற்கு வண்டியில் வைத்துக்கொள்வது என்று எல்லா கிளீனர்களையும் நிறுத்திவிட்டார். லாரியில் டிரைவர் உட்காருவது வலது பக்கம். இடது பக்கம் யார் வருகிறார்கள், எவ்வளவு இடமிருக்கிறது என்று தலையை நீட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பது கிளீனரின் வேலை. அவன் போனபின் அந்தப் பக்கத்துக்கு ஒரு கண்ணாடி மட்டும்தான் மிச்சம்.

எங்கள் கம்பெனியில் எல்லோரையும்விட வயதில் மூத்த டிரைவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஐம்பதைத் தாண்டியவர். எங்களுக்கெல்லாம் அண்ணன். அவருடைய ஒன்றரை ஏக்கர் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. அந்த வழியாகப் போகும்போது கையை நீட்டி, "தோ, அந்த கேன்டீன் கீது பாரு, அங்கதான்டா என் பம்புசெட்டு" என்று சிரிப்பார். எனக்கு மணிமங்கலம். மதியம் நான் அவரோடுதான் சாப்பிடுவேன். அவர் மனைவியின் கருவாட்டுக் குழம்புக்கு நான் அடிமை என்று ஊருக்கே தெரியும். "இவன் எனக்கோசரம் வரலடி, உன் கொழம்புக்கோசரம் வரான்" என்று வீட்டில் போய்ச் சொல்வாராம். மறுநாள் அந்த அம்மாள் டப்பாவில் இன்னும் இரண்டு துண்டு கூட வைத்து அனுப்புவார்.

அண்ணனுக்குச் சர்க்கரை வியாதி. டீயில் சர்க்கரை போடாதே என்று கடைக்காரரை மிரட்டிவிட்டு, கூடவே கிரீம் பன் வாங்கித் தின்பார். ஒரு நாள் படப்பையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார்.

"உன் மூஞ்சியக் காணோம்டா" என்றார்.

"இருந்தா மட்டும் இன்னா, பாக்கற மாதிரியா கீது?" என்றேன்.

"வெளையாட்டு இல்லடா. உன் காது தெரியுது, தோளு தெரியுது. நடுவுல மூஞ்சி இருக்கற எடத்துல கறுப்பா ஒண்ணு குந்திக்கினு கீது."

"எத்தினி நாளாண்ணே?"

"பொங்கல்லேர்ந்து."

"டாக்டராண்ட போனியா?"

"போனா இன்னா சொல்லுவான்? வண்டி ஓட்டாதம்பான். அத்த கேக்கறதுக்கு நான் காசு குட்த்துட்டு வரணுமா?"

நான் அன்றைக்கே சத்தம் போட்டிருக்க வேண்டும். சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "வலது கண்ணு நல்லாதான கீது, பாத்துக்கலாம்ணே" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

அடுத்த மாதம் தொழிற்சாலை வாசலில் நோட்டீஸ் ஒட்டினார்கள். எல்லா டிரைவர்களுக்கும் கண் பரிசோதனை. தேறாதவர்களின் கேட் பாஸ் ரத்து. அண்ணன் அதைப் படித்துவிட்டு வண்டியின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நெலமும் போச்சு. இதுவும் போச்சுன்னா நான் இன்னாடா பண்ணுவேன்? என் நெலத்துலயே காக்கிச் சட்ட போட்டுக்கினு வரவன் போறவனுக்கெல்லாம் சல்யூட் அடிக்கட்டுமா? அதுக்கு இந்த வண்டியிலேயே வுழுந்து செத்துடலாம்."

அவர் கண் கலங்கி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "நான் கீறேன்ணே, கவலப்படாத" என்றேன்.

அந்தக் கண் பரிசோதனை முகாமில் ஏமாற்றுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எல்லா வருஷமும் நடப்பதுதான். முதலில் உள்ளே போகிறவன் அட்டையில் இருக்கும் எழுத்துகளை மனதில் வாங்கிக்கொண்டு வெளியே வருவான், வரிசையில் நிற்பவர்களுக்குச் சொல்லுவான். கண்ணாடி போட்டால் முதலாளி கிழவன் என்று ஒதுக்கிவிடுவார் என்கிற பயம் எல்லோருக்கும். மனப்பாடம் பண்ணக்கூடாது என்று அந்த வருஷம் வலது கண்ணுக்கு ஓர் அட்டை, இடது கண்ணுக்கு வேறோர் அட்டை வைத்திருந்தார்கள். நான் விடிந்ததும் போய் முதல் ஆளாக நின்றேன். கூட்டம் அதிகம் என்பதால் கடைசி வரியை மட்டும் வாசிக்கச் சொன்னார்கள். இடது கண்ணுக்கு ஆறு எழுத்து. ப, ட, ம, ல, க, ய. வெளியே வந்து அண்ணனை என் வண்டியில் ஏற்றி, கதவைச் சாத்தி, அவர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

அவர் முறை வந்தபோது நான் பந்தல் ஓரத்தில் நின்றேன். பரிசோதிக்க வந்திருந்தது சின்னப் பெண். வலது கண்ணில் அண்ணன் கடகடவென்று வாசித்தார். பிறகு வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள். ஆறு எழுத்தையும் ஒப்பித்துவிட்டார். அவளுக்கு என்ன தோன்றியதோ, கையிலிருந்த குச்சியை வரியின் நடுவில் எங்கோ வைத்து, "இது மட்டும் என்னண்ணா?" என்றாள்.

 அண்ணனுக்கு எழுத்தும் தெரியவில்லை, குச்சியும் தெரியவில்லை. அந்தப் பெண் தலையைச் சாய்த்து அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு முறை கேட்டாள்.

நான் கத்தினேன். "அண்ணே, இன்னா பண்ணிக்கினு கீற? லோடு அனுப்பலன்னு போன் மேல போன் வருது. லைன் நிக்கப்போவுது!"

போனும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. ஆனால் வாசலிலிருந்த செக்யூரிட்டி ஓடிவந்தான். "அனுப்பும்மா, அனுப்பும்மா, அப்புறம் எங்களத்தான் கேப்பாங்க" என்றான். அவள் ஒரு நிமிஷம் தயங்கினாள். பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். முத்திரையைக் குத்திக் கொடுத்துவிட்டாள். ஏன் குத்திக் கொடுத்தாள் என்று அந்தப் பெண் மேல் எனக்குப் பின்னால் ரொம்ப நாள் கோபம் இருந்தது. என்ன யோக்கியதையில் கோபப்பட்டேனோ தெரியாது.

மூன்று மாதம் ஓடியது. அதற்குள் அந்தக் கறுப்பு அவருடைய இடது கண் முழுக்கப் பரவிவிட்டிருந்தது. அண்ணன் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் அல்லவா, அதனால் கேட்கவில்லை.

மதியம் இரண்டு மணி ஷிப்ட் மாறும் நேரம். நல்ல வெயில். அவர் லோடு வண்டி முன்னால், என் வண்டி பின்னால். பெரிய சாலையிலிருந்து தொழிற்சாலைக்கு இடது பக்கம் திரும்பும் இடத்தில் பஸ் வந்து பெண்களை இறக்கிவிட்டுப் போயிருந்தது. தென்மாவட்டங்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கிற பிள்ளைகள். எல்லோரும் போய்விட்டார்கள். ஒருத்தி மட்டும் பின்தங்கி, திருப்பத்தின் ஓரத்தில் நின்று செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. தோளில் பை.

அண்ணன் இண்டிகேட்டர் போட்டார். திருப்பினார். அவளைப் பார்த்துவிட்டு நிறுத்துவார் என்று ஒரு கணம் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. அவர் கண்ணுக்கு அங்கே ஆளே இல்லை என்பது எனக்குச் சட்டென்று உறைத்தது. ஹாரனை அழுத்தினேன். கையை எடுக்காமல் அழுத்தினேன்.

அந்தப் பிள்ளை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சத்தம் வந்த பக்கம் பார்த்தாள். அண்ணனின் வண்டியை அவள் பார்க்கவில்லை. பின்சக்கரம் அவளை இழுத்துக்கொண்டது.

அண்ணன் வண்டியை நிறுத்தி, நிதானமாக இறங்கி, என்னைப் பார்த்து, "இன்னாடா ஏறுச்சு? கல்லா?" என்று கேட்டார். கேட்டபடியே முன்பக்கமாகச் சுற்றி அந்தப் பக்கம் போனார். பிறகு அவர் போட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஓடிவிடு என்று இரண்டு டிரைவர்கள் சொன்னார்கள். எங்கள் தொழிலில் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அவர் ஓடவில்லை. சாலையிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். போலீஸ் வந்து கூட்டிப்போனது.

எங்கள் டிரான்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் சாயங்காலமே என்னைக் கூப்பிட்டார். "கண் டெஸ்ட் பேப்பர் பக்காவா கீது. அந்தப் பொண்ணுதான் பாக்காம குறுக்க வந்துச்சு. நீ நேர்ல பாத்தவன். ஸ்டேஷன்ல இத்த மட்டும் சொல்லு, உங்க அண்ணன் சீக்கிரம் வூட்டுக்கு வந்துருவாரு" என்றார். நான் தலையாட்டினேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக்கொடுத்தேன்.

அண்ணன் கதையை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஜாமீனில் வந்தார். வழக்கு இழுத்துக்கொண்டே போயிற்று. அதற்குள் வலது கண்ணும் போய்விட்டது. ஒரு முறை பார்க்கப் போனேன். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டு, "ஏன்டா அன்னிக்கு எனக்குச் சொல்லிக்குட்த்த?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அவர் மனைவி சாப்பிடச் சொன்னார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

விபத்து நடந்த மறுநாள் காலையில் பிணவறை வாசலுக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பிள்ளையின் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார். மெலிந்த மனிதர். கூட ஒரு உறவுக்காரப் பையன். கான்ஸ்டபிள் என்னைக் காட்டி, "இவர்தான் பின்னால வந்தவர், எல்லாத்தையும் பாத்தவர்" என்று சொல்லிவிட்டார். அவர் எழுந்து என்னிடம் வந்தார். என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். அந்த டிரைவரு குடிச்சிருந்தாராய்யா?"

"இல்லீங்க. குடிக்கிற பழக்கமே இல்ல."

"தூங்கிட்டாரா?"

"இல்லீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"அவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமாய்யா?"

கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார். மேனேஜர் தள்ளி நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அண்ணன் மாட்டுவார், நானும் மாட்டுவேன். அண்ணனை நினைத்துத்தான் பொய் சொன்னேன் என்று ரொம்ப வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். எனக்குப் பயம்.

"நல்லா தெரியுங்க. இப்பதான் டெஸ்ட் எடுத்தாங்க. பாஸ் பண்ணிட்டாரு."

அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"அப்பம் எம்புள்ளதான் கவனிக்கல. சின்னதுலருந்தே அப்படித்தான்யா அவ. பராக்குப் பாத்துக்கிட்டே நடப்பா. பள்ளிக்கூடத்துக்கு விட்டா வழியில ஆட்டுக்குட்டியப் பாத்துக்கிட்டு நிப்பா. எத்தன அடி வாங்கியிருக்கா தெரியுமா, எங்கிட்ட." என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேருல பாத்தவுக நீங்க சொல்லிட்டிய. போதும்யா. அவ அம்மை கேப்பா. ஒரு பதில் சொல்லணும்லா."

பிறகு என் கையை விட்டுவிட்டு, சாத்தியிருந்த பிணவறைக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி" என்றார். "ரோட்டப் பாத்து நடக்கக் கூடாதாட்டி? எத்தன தடவ சொன்னேன். பாத்து நடக்கக் கூடாதா?"

செத்துப்போன பிள்ளையை அவர் திட்டிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.