மைக்கில் வந்த பெயர்

மண்ணூரில் எங்கள் ஜெபத்தால் ஒரு மனிதர் மாறினார் என்று எங்கள் அண்ணன் இன்றும் சபையில் சாட்சி சொல்கிறார். மாறியது உண்மைதான். கூட இருந்து பார்த்தவள் நான். அது உண்மையாக இருப்பதுதான் எனக்கு எரிச்சல்.

தொண்ணூற்றொன்றில் எங்கள் சபையிலிருந்து பன்னிரண்டு பேர் அங்கே மூன்று நாள் ஊழியத்துக்குப் போனோம். போனேன் என்பதைவிட அம்மா என்னைத் தள்ளிவிட்டாள் என்பதே சரி. குழுவின் தலைவரைத்தான் எல்லோரும் அண்ணன் என்போம். அவருக்குச் சத்தத்தைக் குறைத்துப் பேச வராது. சாப்பாட்டுக்கு முன் அவர் ஜெபித்து முடிப்பதற்குள் சாம்பார் ஆறி ஆடை கட்டிவிடும்.

எனக்குக் கொடுத்த வேலை, வீடு வீடாகப் போய் ஜெபக் குறிப்பு எழுதுவது. எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்லச் சீட்டில் எழுதி அண்ணனிடம் கொடுக்க வேண்டும். பெரும்பாலும் முதுகுவலி, மழை, மகனுக்கு ஏதாவது கம்பெனியில் வேலை.

இரண்டாம் நாள் காலையில் ஒரு அம்மா என்னைக் கொல்லைப்புறத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். மகள் தனக்குப் பிடித்தவனோடு போய் ஒரு வருஷமாகிறது. அன்றிலிருந்து அவள் பெயரை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அவர் கணவர் சொல்லிவிட்டாராம்.

"வல்லக்கோட்டை முருகன் கிட்டயும் வேண்டிகினு கீறேன். உங்க சாமி கிட்டயும் ஒரு வார்த்த சொல்லி வைம்மா. ஆனா இத வெளிய சொன்னேன்னு அவருக்குத் தெரிஞ்சிதுன்னா என்னயும் வூட்ட வுட்டுத் தொரத்திடுவாரு."

"தெரியாதும்மா. மனசுக்குள்ளதான் ஜெபிப்போம்" என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேனோ. மகளின் பெயரையும் சீட்டில் எழுதிக்கொண்டேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. ஊரறிய ஒருமுறை வந்தது போதும்.

அன்று சாயங்காலம் கூட்டம். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தது. பாட்டு முடிந்ததும் அண்ணன் என் சீட்டுகளை எடுத்து மைக்கில் ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்தார். குறிப்புகளைச் சத்தமாக வாசித்து ஜெபிப்பது எங்கள் சபை வழக்கம். அங்கே நாங்கள் நாற்பது பேர், கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே ஏரிக்கரை வரைக்கும் கேட்டது.

நான் ஓடிப்போய், "அண்ணா, அத வாசிக்காதீங்க" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். எனக்கு ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று நினைத்து என் தலையில் கையை வைத்தார். ஒரு கையால் என்னை அழுத்திக்கொண்டே அந்தப் பெண்ணின் பெயரை நான்கு முறை சொல்லிக் கூப்பிட்டார். "மகளே, திரும்பி வா. உன் தகப்பனுடைய இருதயம் உடையட்டும்" என்று அழுதார். நிஜமாகவே அழுதார், அதை என்னவென்று சொல்வது. எதிரே டீக்கடையில் அந்தத் தகப்பன் கிளாஸும் கையுமாக உட்கார்ந்திருந்தார். மிச்சமிருந்த டீயைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

கூட்டம் முடிந்ததும், "அந்த அம்மா கதி என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"ஜெபிச்சாச்சு சிஸ்டர். இனி கர்த்தர் பாத்துப்பார்" என்று அண்ணன் வாழைப்பழத்தை உரித்தார். அண்ணனை ஓர் அறை விட்டால் பாவமா என்று யோசித்துக்கொண்டே படுத்தேன்.

விடிந்ததும் மன்னிப்புக் கேட்க அந்த வீட்டுக்குப் போனேன். அந்தத் தகப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்படியில் அந்த அம்மாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

"எழுதினது நான்தாங்க. தப்பு எங்களோடது. அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "எவனோ ஒருத்தன். எம் பொண்ணு மூஞ்சிகூட பாத்தது இல்ல. அவ பேரச் சொல்லி அழுவுறான். பெத்தவன் நானு குந்திகினு டீ குடிக்கிறேன்" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தபால் கார்டை எடுத்து நீட்டினார். ஓரமெல்லாம் நைந்திருந்தது, நேற்று வாங்கியது இல்லை. "எழுதும்மா."

"அட்ரஸ்?"

"அரிசிப் பானைல கீது. அவ அம்மா ஒளிச்சி வச்சிகினு கீறது எனுக்குத் தெரியும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

'அன்புள்ள' என்று எழுதிவிட்டுக் காத்திருந்தேன். பெயர் எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். நானே எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அவர் தொண்டையைச் செருமினார், இருமினார், தெருவைப் பார்த்தார். ஆண்டவரே, சீக்கிரம் இவர் வாயைத் திறந்துவிடும் என்று மனசுக்குள் கேட்டேன். அந்த மூன்று நாளில் நான் உண்மையாக ஜெபித்தது அப்போதுதான்.

அவர் பெயரைச் சொன்னார். முணுமுணுப்பாகத்தான், ஆனால் சொன்னார்.

அந்த அம்மா கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டார். காதில் விழாமல் இல்லை.

அவர் இன்னொரு முறை சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக.