பொம்மையன் வாத்தியாரின் மரப் பாடம்

வத்தலக்குண்டுக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் பொம்மையன் மூன்றாம் வகுப்பு வாத்தியார். கையில் புளிய விளாறு இல்லாவிட்டால் அவருக்கு வாய்ப்பாடே வராது என்று ஊரில் சொல்வார்கள்.

ஐம்பத்தேழாம் வருஷம் ஆடி மாதம் மேலிடத்து உத்தரவு ஒன்று வந்தது. வனமகோத்சவம் என்ற மரம் நடும் விழாவைக் கொண்டாட வேண்டும்; பிள்ளைகளுக்கு மரங்களின் மேல் அன்பு உண்டாக்க வேண்டும். தலைமையாசிரியர் கஸ்பார் அந்த அன்பை உண்டாக்கும் வேலையைப் பொம்மையனிடம் ஒப்படைத்தார். முடிவெடுத்த நேரத்தில் பொம்மையன் வெளியே டீ குடிக்கப் போயிருந்ததுதான் காரணம்.

பொம்மையன் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர். "மரத்துக்கும் உசுரு இருக்கு. ஒரு இணுக்கு ஒடிச்சாலும் அதுக்கு வலிக்கும்" என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். பிள்ளைகளில் இரண்டு பேர் அழுதேவிட்டார்கள்.

மறுநாள் ஏழாம் வாய்ப்பாட்டில் வகுப்பே தடுமாறியது. "ஏலே, ஓடிப்போயி ஒரு விளாறு ஒடிச்சிட்டு வா" என்றார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

முன்வரிசையில் இருந்த பொன்னழகு என்ற சிறுமி மட்டும் எழுந்து, "மரத்துக்கு வலிக்குமே சார்" என்றாள்.

"உங்களுக்கு வலிக்கணும்னுதானே கேக்குறேன்" என்று சொல்ல வாயெடுத்து, அடக்கிக்கொண்டார். அன்றோடு விளாறு போயிற்று. காலையில் வேப்பங்குச்சி ஒடிக்கப் போனால் வேலிக்கு வெளியே நாலு பிள்ளைகளின் தலை தெரிந்தது. பல்பொடிக்கு மாறினார்.

"ஊருக்கு உபதேசம் பண்ணப் போயி உங்களுக்கே வெனையாப் போச்சா?" என்று அவர் மனைவி ஒச்சாயி சிரித்தாள்.

விழா நாள் காலை. கன்று நட வரும் அதிகாரியின் ஜீப் மேடைவரைக்கும் வர வேண்டும். பள்ளி வாசலில் நின்ற பெரிய வாகை மரம் வழியை அடைத்தது. மரம் நடும் விழாவுக்காக அதை வெட்டிவிடுவதென்று கஸ்பார் முடிவுசெய்து, கோடரியோடு கருப்பணனை வரவழைத்திருந்தார்.

மூன்றாம் வகுப்பு முழுவதும் போய் மரத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றது.

"நீதானப்பா சொல்லிக் குடுத்த? நீயே எடுத்துச் சொல்லு" என்று கஸ்பார் பல்லைக் கடித்தார்.

பொம்மையன் பிள்ளைகளிடம் குனிந்தார். "அப்பு, அது பாடம். இது வேலை. ரெண்டையும் குழப்பக் கூடாது."

"அப்ப வேலைக்கு எந்தப் பாடம் சார்?" என்றாள் பொன்னழகு.

பொம்மையன் நிமிர்ந்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, விட்டிருந்த இடைவெளியில் தானும் போய்க் கைகோத்து நின்றார். கருப்பணன் கோடரியைக் கீழே வைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தான்.

அதற்குள் ஜீப் வந்துவிட்டது. இறங்கி நடந்துவந்த அதிகாரி மரத்தையும் பிள்ளைகளையும் பார்த்து அசந்துபோனார். தமக்காகவே ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்து, "பிரமாதம்! யாருடைய யோசனை?" என்றார்.

"அடியேனுடையதுதான்" என்றார் கஸ்பார்.

மாலையும் நற்சான்றும் கஸ்பாருக்குக் கிடைத்தன. அதிகாரி நட்ட கன்றை மறுநாளே ஆடு மேய்ந்துவிட்டது. வாகை மரத்தில் கைவைக்க மட்டும் பிறகு யாரும் துணியவில்லை. மாதக் கடைசியில் பொம்மையனுக்குக் கீரனூருக்கு மாற்றல் உத்தரவு வந்தது.

கீரனூர்த் தலைமையாசிரியர் அன்பாக வரவேற்றார். "ஏனுங்க, மரப் பாடமெல்லாம் நல்லா எடுப்பீங்களாமுங்க?"

"ஐயா, எனக்குக் கணக்கு மட்டும் குடுங்க, போதும்" என்று கும்பிட்டார் பொம்மையன்.

முதல் நாள் கரும்பலகையில் எழுதினார்: ஒரு தோப்பில் நூறு தென்னை. முப்பதை வெட்டினால் மீதி எத்தனை?

பின்வரிசையில் ஒரு பையன் கையைத் தூக்கினான். "எதுக்குங்க சார் வெட்டோணும்?"

பொம்மையன் கண்ணை மூடித் திறந்தார். 'வெட்டினால்' என்பதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'விற்றால்' என்று எழுதப் பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. கடைசியில் முழுவதையும் துடைத்துவிட்டு, கூட்டல் கணக்குப் போட்டார்.