ஏழாவது இன்னிங்ஸில் வாய் திறந்தவள்

ஒருவர் சொன்னது நடந்தால் அவரைத் தீர்க்கதரிசி என்கிறீர்கள். ஒரு பெண் சொன்னது நடந்தால் மட்டும், அவள் சொன்னதால்தான் நடந்தது என்கிறீர்கள். இது என்ன நியாயம்?

கிளீவ்லாந்தில் ஸ்டான் நடத்தும் மதுக்கடையில் தொலைக்காட்சிக்கு நேரே ஒரு நாற்காலி உண்டு. முதுகு சாய அது ஒன்றுதான், மற்றதெல்லாம் முக்காலி. அக்டோபரில் பேஸ்பால் பிளேஆஃப் தொடங்குமுன் ஆளுக்கொரு கணிப்புச் சொல்வார்கள். யாருடையது பலிக்கிறதோ, அடுத்த சீசன் முழுக்க நாற்காலி அவருக்கு. சில வருடங்களாக அது கார்ல் ஹ்ரூபியின் சொத்தாகிவிட்டது. கார்ல் முழங்கால் வலியை வைத்துக் கணிப்பவர்.

லொரெய்ன் புட்னிக் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். "நாள் பூரா உக்காந்தே ஓட்டுறவளுக்கு நாற்காலி எதுக்கு?" என்று ஸ்டான் சீண்டுவான். கார்ல் வாயைத் திறந்தால் கடையே அடங்கும். அவள் திறந்தால் யாராவது இன்னொரு தட்டு பியரோகிக் கொழுக்கட்டை கேட்பார்கள். அந்த நாற்காலி கிடைத்தால் தன் பேச்சுக்கும் கடை அடங்கும் என்று அவள் நம்பினாள். கார்லின் அகன்ற முதுகு அதில் சாயும்போதெல்லாம் அவளுக்கு வயிறு எரியும்.

இந்த வருடம் கார்ல் முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "கடைசி ஆட்டம் வரைக்கும் இழுக்கும். ஆனா நமக்குத்தான்."

"அப்படிச் சொல்லு தலைவா!" என்றது கடை.

லொரெய்ன் விடவில்லை. "கடைசி ஆட்டத்துல தோப்போம். ஆறு இன்னிங்ஸ் எறிஞ்சதும் நம்ம பந்து எறியுற ஹாலெக்கோட தோள் இறங்கிடுது. செப்டம்பர் பூரா பாத்தேன். மேனேஜர் அவனை மாத்த மாட்டார். ஏழாவதுல அடி வாங்குவான்."

"நீ எந்த ஊர்க்காரிம்மா? பஸ்ஸை அவனுங்க ஊருக்கே ஓட்டிட்டுப் போயிடு!" என்றான் ஸ்டான்.

தொடர் கடைசி ஆட்டம் வரை போனது. ஹாலெக் பந்தெறிந்தான். ஆறு இன்னிங்ஸ் முடிந்தும் எதிரணியில் ஒருவனாலும் அவன் பந்தை ஒழுங்காக அடித்து ஓட முடியவில்லை, ஒரு ஹிட்கூட இல்லை. அப்படி ஓர் ஆட்டம் நடக்கும்போது அதை யாரும் வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் கெட்டுவிடுமாம். கடை முழுக்க வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

ஏழாவதில் தோள் இறங்கியதை லொரெய்ன் பார்த்தாள். எதிரணி அடிக்கட்டும் என்று ஒரு கணம் மனம் ஏங்கியது. சொந்த அணி தோற்றாலும் பரவாயில்லை, கார்ல் தோற்றால் போதும்! அந்த நினைப்பில் அவளே அதிர்ந்து, அணியைக் காப்பாற்றுவது போலக் கத்தினாள்:

"இதுவரைக்கும் ஹிட்டே கொடுக்கல, சரி! ஆனா தோளைப் பாருங்க! இப்பவே மாத்தணும்!"

"ஐயோ, சொல்லித் தொலைச்சிட்டாளே!" என்று கடையே அலறியது.

மேனேஜர் அசையவில்லை. அடுத்த பந்து சுவரைத் தாண்டிப் பறந்தது. அந்த ஒரே ஓட்டத்தில் ஆட்டம் போனது, சீசனும் போனது.

"என் முழங்கால் பொய் சொல்லல," என்றார் கார்ல் நிதானமாக. "இவ வாயை மூடியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

"நான் பேசினது ஹாலெக் காதுல விழுந்துச்சா? அவன் நானூறு மைலுக்கு அந்தப் பக்கம் நிக்கிறான்! ஏழாவதுன்னு போன வாரமே சொன்னேனா இல்லையா?"

யாரோ இன்னொரு தட்டு பியரோகி கேட்டார்.

"நாற்காலி கார்லுக்குத்தான்," என்றான் ஸ்டான்.

"பலிச்சது யார் சொன்னது, ஸ்டான்?"

"பலிச்சதுதான், கண்ணு, பிரச்சினையே."

அணிக்காக அழ வேண்டிய வேளையில் அவள் கார்லின் எதிரே போய் நின்றாள். "எந்திரி, கார்ல்."

அவர் எழவில்லை. எழச் சொல்ல அங்கே இன்னொரு குரலும் இல்லை.

அவளுக்குப் பொறாமைதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பொறாமைப்பட்டவள் என்பதற்காக அவள் சொன்ன காரணம் பொய்யாகிவிடாது. நீங்கள் ஆட்டம் பார்க்கும் இடத்திலும் இப்படி ஒருத்தி இருப்பாள். அடுத்த முறை அவளை வாயை மூடச் சொல்வதற்கு முன், "எப்படிச் சொல்றே?" என்று கேளுங்கள். அவள் சொன்னது நடந்துவிட்டால், நாற்காலியில் இருப்பவரைத் தயவுசெய்து எழுந்திருக்கச் சொல்லுங்கள்.