கண்ணாடியில் ஒட்டிய மூன்று பொட்டுகள்

2013 டிசம்பர் 13, வெள்ளிக்கிழமை. பாடசாலை விடுமுறை. ஆறு மணிக்கு எழுந்தேன். அம்மா ஏழு மணிக்குப் பெரட்டுக்குப் போனார். அங்கே பெயர் பதிந்து யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுத்ததும் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போய்விடுவார். நான் பாத்திரம் கழுவி, மலைத்தண்ணீர் விழும் பீலியில் இரண்டு குடம் பிடித்து, லயத்து வீட்டு வாசலைக் கூட்டிவிட்டு எட்டரைக்கு விளையாட உட்கார்ந்தேன். என் பழைய கொப்பியில் இவ்வளவும் இருக்கிறது. மாலையில் நடந்ததை மட்டும் எழுதவில்லை.

அப்பா கட்டாரில் வேலை பார்த்தார். ஊருக்கு வந்த ஒருவரிடம் தொடுதிரை போன் ஒன்றைக் கொடுத்தனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் டிவி கேமில் இருந்த அதே ஆட்டம் அதிலும் இருந்தது: ஓட வேண்டும், குழி வந்தால் குதிக்க வேண்டும். டிவியில் நான் எட்டாம் கட்டம் வரை போனவள். போனில் இரண்டைத் தாண்ட முடியவில்லை. டிவி கேமில் பட்டன்கள் மேடாக இருக்கும். கட்டைவிரல் தானாக இடம் கண்டுகொள்ளும். இதில் பட்டனைப் படமாகத்தான் போட்டிருந்தார்கள். விரலைப் பார்த்தால் குழி தெரியாது. குழியைப் பார்த்தால் விரல் விலகிவிடும்.

"டிவியில புலி, போன்ல எலியா தங்கச்சி?" என்றான் பெரியம்மாவின் மகன்.

அன்று காலை எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மாவின் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து மூன்றை எடுத்து, இடம், வலம், குதி என்று மூன்று இடங்களிலும் ஒட்டினேன். இப்போது விரலுக்குத் தடம் கிடைத்தது. மாலைக்குள் ஏழாம் கட்டம். பேட்டரி தீர்ந்துபோகவே போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, பெரியம்மா வீட்டு அண்ணனிடம் சொல்ல ஓடினேன்.

அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மாலை ஆறு மணிக்கு அழைப்பார். எப்போதும் நான்தான் திரையில் விரலால் இழுத்து அழைப்பை எடுத்து அம்மாவிடம் கொடுப்பேன். தைப்பொங்கலுக்கு லீவு கிடைத்ததா என்று அன்றுதான் சொல்வதாக இருந்தார்.

நான் திரும்பியபோது அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மூணு தரம் அடிச்சிச்சி. நானும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். எடுக்கவே முடியல."

பின்னாலேயே வந்த பெரியம்மா எட்டிப் பார்த்தார். "எப்படி எடுக்கும்? ஒம் மக போனுக்குப் பொட்டு வச்சி பொண்ணு பார்க்க ஒக்கார வச்சிருக்கா."

அழைப்பு வந்தால் இழுக்க வேண்டிய பச்சை வட்டம் தோன்றும் இடத்திலேயே ஒரு பொட்டு இருந்தது. அப்பா அழைத்த எண்ணுக்கு நாங்கள் அழைத்தோம். அது பலர் பேசும் பொதுப் போன். யாரோ எடுத்து, விளங்காத மொழியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டார்.

பழி என் மேல் விழுந்ததை என்னால் பொறுக்க முடியவில்லை. பெரியம்மாவின் போனிலிருந்து எங்கள் போனுக்கு அழைக்கச் சொன்னேன். மணி அடித்தது. பொட்டின் மேலேயே விரலை வைத்து இழுத்தேன். எடுத்தது. இன்னொரு தரம் அழைக்கச் சொன்னேன். அதுவும் எடுத்தது.

"பாருங்கம்மா, பொட்டுல ஒண்ணும் இல்ல. நான் இழுத்தா வருது. நீங்க இழுத்தாத்தான் வரல."

"அடியே, வாய மூடு," என்றார் பெரியம்மா.

அம்மா கையை விரித்து ஒருமுறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனார். நான் குற்றம் நீங்கிய மகிழ்ச்சியில் நன்றாகத் தூங்கினேன். பத்தொன்பது வருடம் கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல் தொட்டாலும் அந்தக் கண்ணாடிக்குத் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

மறுநாள் காலை பனி விலகவில்லை. பெரட்டுக்குப் போகுமுன் அம்மா பீலிக்கரையில் குந்தி, துவைக்கிற கல்லில் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கொழுந்துக் கறையைப் போக்குகிறார் என்று நினைத்தேன். உள்ளே ஓடிப்போய் சவர்க்காரத்தை எடுத்துவந்து கொடுத்தேன்.