முந்திரி ஐந்து, கடலை பதினைந்து

மலேசியாவின் கிள்ளான் நகரில் மேரு சாலைப் பக்கம் உள்ள ஒரு கடலைத் தொழிற்சாலையில் மலர்விழிக்குப் பத்தொன்பது ஆண்டுகளாகப் பொட்டலம் கட்டும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். மேற்பார்வையாளர் பதவிக்கு மனுப் போடலாமென்றால், எஸ்.பி.எம். என்ற பள்ளியிறுதித் தேர்வில் கணிதத் தேர்ச்சி கேட்டார்கள். பதினேழு வயதில் அவள் தவறவிட்ட ஒரே பாடம் அதுதான். நாற்பதைத் தாண்டி இரண்டு முறை எழுதிப் பார்த்தாள். இரண்டு முறையும் தேறவில்லை.

மூன்றாவது முயற்சிக்காக ஞாயிறுதோறும் கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனாள். அங்கே கடைவீட்டு மாடியொன்றில் கமலநாதன் பெரியவர்களுக்குக் கணிதம் நடத்தினான். அவளைவிடப் பதினைந்து வயது இளையவன். ஒரு மதியம் வெண்பலகையில் எழுதினான்: கிலோ 48 ரிங்கிட் முந்திரியையும் 12 ரிங்கிட் கடலையையும் கலந்து, கிலோ 21 ரிங்கிட் விலையில் இருபது கிலோ வேண்டும். முந்திரி எவ்வளவு?

கண் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்த மலர்விழி, “அஞ்சு கிலோ சார்,” என்றாள்.

“எப்படிக்கா? இன்னும் யாரும் பேனாவே எடுக்கலையே!”

“இருபத்தோரு வெள்ளிக்கு முந்திரி இருபத்தேழு வெள்ளி கூட, கடலை ஒம்போது வெள்ளி கம்மி. ஒரு பங்கு முந்திரிக்கு மூணு பங்கு கடலை போட்டாத்தான் சரிக்கட்டும். கைக்குப் பழகிப்போச்சு லா.”

அவன் பலகையில் செய்து பார்த்தான். 48x + 12(20 − x) = 420. 36x = 180. ஐந்தேதான்.

“விடை சரிக்கா. ஆனா வழி எழுதலைன்னா மார்க் போயிடும்.”

“சரியா வந்தா போதாதா சார்?” அவள் குரலில் கோபமில்லை, அலுப்புதான்.

அதன்பின் சாப்பாட்டு நேரங்களில் அட்டைப்பெட்டிக் கிழிசல்களில் எக்ஸ் போட்டுப் பழகினாள். தேர்வில் பெரியவர், சிறுவர் நுழைவுச்சீட்டுக் கணக்கு வந்தது. முதலில் தன் வழியில் விடையைக் கண்டுபிடித்தாள்; பிறகு இரண்டு தரம் அழித்துச் சமன்பாட்டை எழுதினாள். இரண்டும் ஒத்துவந்தபோது மேசையில் தலை சாய்த்துக்கொண்டாள்.

கிடைத்தது ‘இ’ கிரேடு. தேர்ச்சியில் கடைசிப் படி. அந்த முடிவுத் தாளோடு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனால், பதவி போன மாதமே டிப்ளோமா படித்த ஒருத்திக்குப் போயிருந்தது.

“அடுத்த வாட்டி பாப்போம்க்கா,” என்றான் அலுவலக எழுத்தர் குகன்.

அதே தாளை ஷா ஆலாமில் ஒரு கிடங்குக்கு அனுப்பினாள். சரக்குக் கணக்கு வைக்கும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவள், “எப்படி இருந்துச்சு?” என்று கணவர் கேட்டு முடிப்பதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள்.